திருவாதிரை முதல் அனுஷம் வரை

ஆனி பிறந்துவிட்டால் வெள்ளகோவிலில் கொடியில் காயும் வேட்டிக்கு நாலு கிளிப் வேண்டும். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை சுமார் 30 கிலோமீட்டருக்கு விட்டுப்போய்க் கிடக்கிறது. அந்தப் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று நெருக்கியடித்துக்கொண்டு கொங்கு நாட்டுக்குள் நுழைகிறது. மழையை அந்தப் பக்கமே இறக்கிவைத்துவிட்டு, புழுதியை மட்டும் வாரிக்கொண்டு எங்களிடம் வருகிறது. உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கம் காற்றாலைகள் வரிசைகட்டி நிற்பது இதை நம்பித்தான். ஆடி மாதம் எங்கள் தறிக்கூடங்களில் பேச வேண்டுமென்றால் தறிச் சத்தத்தோடு கூரைத் தகரம் அடித்துக்கொள்ளும் சத்தத்தையும் தாண்டிக் கத்த வேண்டும்.

இந்தக் காற்றில் இன்ஜின் இல்லாத விமானம் விட்டுப் பார்க்கலாமே என்ற எண்ணம் எங்களுக்கு வந்தது காற்றடித்த மாதத்தில் அல்ல, கரண்ட் இல்லாத மாதத்தில். 2008 வாக்கில் தொடங்கி ஐந்தாறு ஆண்டுகள் தமிழ்நாட்டை ஆட்டிவைத்த மின்வெட்டைத் தறி ஓட்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2012-இல் சென்னையைத் தாண்டிய ஊர்களில் நாளுக்குப் பாதி நேரம் கரண்ட் இருக்காது. பாவு பாதியில் நிற்கும், ஊடை நாடாவிலேயே கிடக்கும், ஆட்கள் திண்ணையில் படுத்துக் கிடப்பார்கள். நான் அப்போது பெட்ஷீட் தறி ஓட்டிக்கொண்டிருந்தேன். தறி நின்றதும் நாங்கள் கூடும் இடம் பைபாஸ் ஓரத்து டீக்கடை. நானும், தறி பழுது பார்க்கும் ஃபிட்டர் அண்ணனும், அரசுப் பள்ளியில் அறிவியல் எடுக்கும் வாத்தியாரும், எண்ணெய் மில் வீட்டுப் பையன் ஒருவனும். அவனை மில்லுத் தம்பி என்போம். கோவையில் இன்ஜினீயரிங் படித்தபோது கல்லூரியில் குட்டி விமானம் செய்யும் போட்டியில் கலந்துகொண்டவன். படிப்பு முடிந்து ஊருக்கு வரும்போது சான்றிதழோடு ஒரு பழைய ரிமோட்டையும் கொண்டுவந்திருந்தான்.

வாத்தியார் அந்தக் காலத்தில் கல்லூரி என்.சி.சி.யில் விமானப் பிரிவில் இருந்தவர். டீயை ஆற்றிக்கொண்டே ஒரு விஷயம் சொன்னார். முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனி இன்ஜின் வைத்த விமானம் செய்யக் கூடாதென்று வெர்சாய் ஒப்பந்தத்தில் தடை போட்டுவிட்டார்கள். அங்கிருந்த இளைஞர்கள் 1920-இல் வாசர்குப்பே என்ற மலைக்கு இன்ஜின் இல்லாத விமானங்களைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டியே நடத்திவிட்டார்கள். கிளைடர் கலை வளர்ந்தது அங்கேதான். "அவனுங்களுக்கு இன்ஜின் இல்ல, நமக்குக் கரண்ட் இல்ல" என்றார். அது போதுமானதாக இருந்தது.

பெயர் வைத்தவரும் அவர்தான். டெல்லியில் சிவில் விமானத் துறையின் தொழில்நுட்ப மையம் சொந்தமாக கிளைடர்கள் வடிவமைத்தது. அதில் பெரும்பங்கு எஸ்.ராமாமிர்தம் என்பவருடையது. அசுவினி, பரணி, கார்த்திக், ரோகிணி, மிருகசீரம் என்று அந்தக் கிளைடர்களுக்கு வரிசையாக நட்சத்திரப் பெயர்கள். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டும் ரோகிணி 1961-இல் முதன்முதலாகப் பறந்தது. மிருகசீரத்துக்கு அடுத்த நட்சத்திரத்தை நாம் எடுத்துக்கொள்ளலாம் என்றார் வாத்தியார். ஆகவே எங்களுடைய முதல் விமானம் திருவாதிரை.

திருவாதிரை பறக்கவே இல்லை. ஸ்டேஷனரிக் கடைத் தெர்மாகோலில் இறக்கை வெட்டி, நடுவே மூங்கில் பிளாச்சு கொடுத்து, சீக்கிரம் ஒட்டட்டும் என்று ஃபிட்டர் அண்ணன் இன்ஸ்டன்ட் பசையை ஊற்றினார். அந்தப் பசை தெர்மாகோலைக் கரைத்துவிடும் என்பது ஊற்றிய அரை நிமிடத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. மெல்லிய புகையோடு இறக்கையில் கை நுழையும் அளவுக்குக் குழி விழுந்தது. தெர்மாகோலுக்கு ஃபெவிகால்தான் லாயக்கு. காய ஒரு ராத்திரி ஆகும், ஆனால் கரைக்காது.

புனர்பூசம் பறந்தது. மூக்கு கனம் போதாமல் முதலில் பின்பக்கமாகச் சரிந்துகொண்டே இருந்தது. இறக்கையின் முன் விளிம்பிலிருந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் விரல் வைத்துத் தூக்கினால் விமானம் மட்டமாக நிற்க வேண்டும். அந்தக் கனத்துக்கு ஈயம் கொடுத்தது கரூர் ரோட்டில் இருந்த ஒரு டயர் கடை. சக்கரத்துக்கு பேலன்ஸ் பார்த்துக் கழற்றிப் போட்ட ஈயத் துண்டுகளை ஒரு டப்பா நிறையக் கொடுத்தார்கள். எங்களுடைய எல்லா விமானத்தின் மூக்கிலும் ஏதோ ஒரு லாரியின் பாகம் உண்டு.

அடுத்து வந்ததுதான் முறையான விமானம். பால்சா மரத்தில் விலா எலும்புகள் அடுக்கி, மேலே சூட்டில் சுருங்கும் மெல்லிய ஃபிலிம் போர்த்துகிற வகை. பால்சா தென்னமெரிக்க மரம், முக்கியமாக ஈக்வடாரில் விளைவது. தட்டையாகப் பார்சலில் வந்தது. எலும்புகளை ஒட்டி முடித்த பிறகு ஃபிலிம் போர்த்துவதில் மாட்டிக்கொண்டோம். எங்கே தேய்த்தாலும் சுருக்கம். அப்போது கை கொடுத்தவர் தினமும் கம்பெனி வேனில் திருப்பூருக்குப் போய்வந்த ஒரு அயர்னிங் மாஸ்டர். மேஜைமேல் வெட்டிப் போட்ட பனியன் வேஸ்ட்டைப் பரப்பினார். பெட்டியின் அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துச் சூடு பார்த்தார். ஸ்டீம் கூடாது என்றதும் முகம் சுளித்தார். ஆனாலும் முதலில் ஓரமெல்லாம் ஒட்டி, பிறகு நடுவைத் தொடாமல் பெட்டியை ஒரு அங்குலம் மேலே பிடித்து மெல்ல நகர்த்தினார். ஃபிலிம் தானாக இழுத்துக்கொண்டு மத்தளத் தோலாக விறைத்தது. காலர் தேய்க்கும் பழக்கத்தில், மேல் பக்கத்தை முழுதாக முடித்துவிட்டுத்தான் இறக்கையைத் திருப்பினார். அதற்குள் மேல் ஃபிலிம் இழுத்த இழுப்பில் இறக்கை முறுக்கிக்கொண்டுவிட்டது. இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிச் சூடு காட்ட வேண்டிய வேலை இது. நாங்கள் பதறினோம், அவர் பதறவில்லை. "பின்னல் துணி இதவிட முறுக்குங்க" என்று சொல்லி, இரண்டு முனையையும் எதிர்ப்பக்கமாகத் திருகிப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி சூடு காட்டினார். நேராகிவிட்டது. அவர் மனைவி அதே கம்பெனியில் செக்கிங். இறக்கையை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து, எங்கள் கண்ணுக்கு அகப்படாத மூன்று ஊசித் துளைகளைக் காட்டி ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தார்.

அந்த விமானம் பூசம். அதை மேலே ஏற்றத்தான் எலாஸ்டிக் விவகாரம்.

கிளைடருக்கு இன்ஜின் இல்லை. யாராவது உயரத்துக்குக் கொண்டுபோய் விட வேண்டும். ஒரு முனையில் நிலத்தில் அறைந்த முளை, அதிலிருந்து முப்பது மீட்டர் ரப்பர், அதற்கு மேல் நூறு மீட்டர் நைலான் கயிறு, கயிற்று நுனியில் வளையம். வளையத்தை விமானத்தின் வயிற்றுக் கொக்கியில் மாட்டிப் பின்னோக்கி இழுத்துக்கொண்டு நடந்து, விட்டுவிட வேண்டியதுதான். ரப்பருக்கு மருத்துவக் கடைகளில் விற்கும் லேடெக்ஸ் குழாய்தான் ஏற்றது. விலை கேட்டு ஃபிட்டர் அண்ணன் அதிர்ந்தார். திருப்பூரைச் சுற்றி இருந்துகொண்டு எலாஸ்டிக்குக்குக் காசு கொடுப்பதா என்று, ஜட்டி இடுப்புக்குப் போடும் எலாஸ்டிக் ஒரு ரோல் கொண்டுவந்தார். வெள்ளை நிறம், நடுவே நீலக் கோடு, கோட்டுக்குள் கம்பெனிப் பெயர் வேறு. இழுத்தால் நன்றாக நீண்டது. விட்டால் மெதுவாக, யோசித்து யோசித்துத் திரும்பியது. ரப்பரைச் சுற்றிப் பின்னிய நூல் இழுப்பில் பாதியைத் தின்றுவிடும் என்று வாத்தியார் விளக்கினார். ஃபிட்டர் அண்ணன் விளக்கம் கேட்கும் மனநிலையில் இல்லை. நாலு இழையாக மடித்தார், எட்டாக மடித்தார். எட்டாவது மடிப்பில் விமானம் போகவில்லை, முளை பிடுங்கிக்கொண்டு வந்தது. மாடு கட்டுகிற முளை அது. எங்கள் தலைக்கு மேலே போய்ப் பின்னால் நின்றிருந்த டி.வி.எஸ்.ஸின் ஹெட்லைட்டில் இறங்கியது. அதிலிருந்து முளைக்குப் பதில் கடப்பாரை, எலாஸ்டிக்குக்குப் பதில் மருந்துக்கடைக் குழாய். நைலான் கயிற்றைச் சுற்றிவைக்க மட்டும் நூல் கோன்தான். அதைவிட நல்ல சாமான் உலகத்திலேயே கிடையாது.

விபத்துகளில் நான் ஒரு பாகுபாடு வைத்திருக்கிறேன். காற்றினால் வருவது ஒன்று, கையினால் வருவது ஒன்று. கையினால் வருவதற்குச் சிரிப்பு உடனே வரும், காற்றினால் வருவதற்கு ஒரு வாரம் கழித்துத்தான் வரும்.

கையினால் வருவதில் முதலிடம் வலது இடதுக்கு. விமானம் நம்மைவிட்டு விலகிப் போகும்போது குச்சியை வலது தள்ளினால் வலது திரும்பும். அது நம்மை நோக்கித் திரும்பி வரும்போதும் வலது தள்ளினால் அதன் வலதுக்குத்தான் திரும்பும். ஆனால் அது நமக்கு இடது. வாத்தியார் இதைக் கரும்பலகையில் போட்டே விளக்கினார். கரும்பலகையில் புரிந்தது; களத்தில் புரியவில்லை. மில்லுத் தம்பிதான் ஒரு வழி சொன்னான். எதிரே வரும்போது எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளு, கீழே முட்டுக் கொடுப்பதாக நினைத்துக்கொள். உலகம் முழுக்கப் புதியவர்களுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்களாம். முட்டுக் கொடுப்பது தறிக்காரர்களுக்குப் பழகின காரியம், பிடித்துக்கொண்டோம்.

இரண்டாவது, அலைவரிசை. பழைய ரிமோட்களில் கிரிஸ்டல் என்று ஒரு சின்ன உலோகத் துண்டு இருக்கும். இரண்டு பேரின் கிரிஸ்டல் ஒரே எண்ணாக இருந்து இருவரும் ஸ்விட்ச் போட்டால், பறந்துகொண்டிருக்கும் விமானம் யார் சொல்வதையும் கேட்காது. கரூரிலிருந்து ஒரு ஞாயிறு வந்திருந்த நண்பர் காரை விட்டு இறங்கும்போதே ஆசையாக ரிமோட்டைப் போட்டார். மேலே பூசம் ஒரு குட்டிக்கரணம் அடித்தது, பிறகு இன்னொன்று. மூன்றாவதற்கு உயரம் இல்லை. அடுத்த வாரம் ஃபிட்டர் அண்ணன் பலகை ஒன்றில் துணி கிளிப்களை வரிசையாக மாட்டி எண் எழுதிக்கொண்டுவந்தார். எண்ணுக்குரிய கிளிப் யார் சட்டையில் இருக்கிறதோ அவர் மட்டுமே ஸ்விட்ச் போடலாம். பிறகு 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்கள் வந்து, ஒவ்வொரு விமானமும் அதன் ரிமோட்டை மட்டும் அடையாளம் கண்டுகொண்டது. கிளிப்கள் வீட்டுக் கொடிக்குத் திரும்பின.

பூசத்துக்கு அடுத்தது ஆயில்யம். மில்லுத் தம்பியின் அம்மா கூடவே கூடாது என்றார். ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது. அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம். அதைத் தாண்டி மகத்துக்குப் போனோம்.

மகம் வந்தது ஜெர்மனியிலிருந்து. திருப்பூர் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருந்த எங்கள் ஊர்க்காரர் பையர் மீட்டிங்குக்குப் போன இடத்தில் வாங்கி, சாம்பிள் டீஷர்ட்களுக்கு நடுவே சுருட்டிவைத்துக் கொண்டுவந்தார். இறக்கையின் ஒரு நுனியில் சின்ன முளை இருக்கும். அதை இரண்டு விரலால் பிடித்து, வட்டெறிகிறவர் சுற்றுகிற மாதிரி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் ஐம்பது அறுபது மீட்டர் உயரம் போய்விடும். கயிறும் வேண்டாம், கடப்பாரையும் வேண்டாம். போட்டி விதிப்படி இதற்கு இறக்கை 1.5 மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது, எடை 600 கிராமுக்கு மிஞ்சக் கூடாது. எங்களுடையது அதில் பாதி எடைகூட இல்லை. மெர்ச்சண்டைசர் முதல் வீச்சில் விரலை விடச் சற்றுத் தாமதித்தார். அவ்வளவுதான், மேலே போக வேண்டியது பக்கவாட்டில் போய்க் கிளுவை வேலியில் குத்தியது. வால் தண்டு முறிந்தது. கார்பன் குழாய்க்கு எங்கே போவது? தூண்டில் கம்பின் நுனித் துண்டைச் செருகினோம், அளவு சொல்லிவைத்தாற்போல் பொருந்தியது. இறக்குமதிச் சாமான்கள் முறிந்த பிறகுதான் எங்கள் ஊர்ச் சாமான்களாக மாறும்.

இத்தனையும் நடந்த இடத்தைச் சொல்லவில்லை. உத்தமபாளையத்தில் வட்டமலைக்கரை ஓடையின் குறுக்கே ஒரு அணை இருக்கிறது. சுமார் 6,000 ஏக்கருக்குப் பாசனம் கொடுக்கக் கட்டியது. நாங்கள் போன காலத்தில் அதில் தண்ணீர் இருந்து பல வருஷம் ஆகியிருந்தது. அணைக்குள்ளே சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. நடுநடுவே ஆடு மேய்ந்து வெளுத்த திட்டுகள். மண்கரை மட்டும் நீளமாக, உயரமாக, கல் பதித்து நின்றது. மேற்கிலிருந்து வரும் காற்று தடையே இல்லாமல் அந்தக் காலி அணையைக் கடந்து வந்து கரையில் மோதி மேலே எழும். கரைமேல் நின்று கையால் தள்ளிவிட்டால் போதும், காற்று எழும்பும் பட்டையிலேயே விமானம் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்வந்துகொண்டிருக்கும். பேட்டரி தீரும்வரை இறங்க வேண்டியதில்லை.

இதில் ஒரு சங்கடம். கரையில் விமானம் விடத் தகுந்த காற்று ஆனியிலிருந்து ஆவணி வரைதான். அந்தக் காற்று அடித்தால் காற்றாலைகள் ஓடும். காற்றாலைகள் ஓடினால் கரண்ட் வந்துவிடும். கரண்ட் வந்தால் தறியை விட்டுவிட்டு அணைக்கட்டுக்கு வர முடியுமா? வருஷம் பூரா மின்வெட்டைத் திட்டிக்கொண்டிருந்தவர்கள், ஆடியில் அணைக்கரையைப் பார்த்தபடி பஸ்ஸில் போகும்போது ஒரு மணி நேரமாவது கரண்ட் போகக் கூடாதா என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டோம். ஃபிட்டர் அண்ணன் வாய்விட்டே கேட்டார். தறி ஓடும் மாதத்தில்தான் அவருக்கு வேலை அதிகம்.

கரைக்குப் பின்புறம்தான் பூதம். மேலே எழுந்த காற்று கரையைத் தாண்டியதும் சுருண்டு கீழே விழும். கரைக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளிப்போன விமானத்தை அது தரையில் அறையும். குச்சியை எவ்வளவு இழுத்தாலும் ஏறாது. அமெரிக்காவில் இதே சுருளைப் பிழைப்பாக்கிவிட்டார்கள். மலை முகட்டுக்குப் பின்னால் வேகக் காற்றுக்கும் மந்தக் காற்றுக்கும் நடுவே விமானத்தை வட்டமடிக்கவிட்டால் ஒவ்வொரு வட்டத்துக்கும் வேகம் கூடும். 2021 ஜனவரியில் ஸ்பென்சர் லிசன்பி என்பவர் இப்படி இன்ஜின் இல்லாத ரிமோட் கிளைடரை மணிக்கு 882 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். பயணிகள் விமானத்தின் வேகம் அது. மில்லுத் தம்பி இந்த வித்தையை அதற்கு முன்பே கேள்விப்பட்டுத் தானும் முயன்று பார்த்தான். பூரம் எவ்வளவு வேகம் போனது என்று தெரியாது. சீமைக்கருவேலத்துக்குள் அது எங்கே போனது என்பதே சாயங்காலம்தான் தெரிந்தது. அந்த முள் செருப்பைத் துளைத்துக்கொண்டு காலுக்கு வரும். எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது விமானத்தைவிட எங்களுக்குத்தான் ஓட்டை அதிகம்.

மாசி, பங்குனி வேறு கதை. காற்று மட்டுப்பட்டிருக்கும், வெயில் ஏறும். காலை பத்து மணிக்கு மேல் சூடான தரையிலிருந்து காற்று குமிழாகப் பிரிந்து மேலே போகும். அந்தக் குமிழுக்குள் புகுந்து சுற்றினால் விமானமும் கூடவே ஏறும். குமிழ் கண்ணுக்குத் தெரியாது. தெரிந்த ஒருவர் உண்டு, பருந்து. இறக்கையை அடிக்காமல் அது எங்கே வட்டமிடுகிறதோ அங்கே போக வேண்டும். சில நேரம் அது எங்களைப் பார்த்துவிட்டு எங்கள் வட்டத்துக்கு வந்து சேரும். விமானம் விடுகிறவனுக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் இல்லை. எந்தத் தரை சூடாகும் என்பதையும் கற்றுக்கொண்டோம். உழுதுபோட்ட செம்மண் நல்லது. தறிக்கூட ஆஸ்பெஸ்டாஸ் கூரை அதைவிட நல்லது. எல்லாவற்றிலும் மேல் கொப்பரைக் களம். எங்கள் வட்டாரத்தில் எண்ணெய் மில்களுக்குத் தேங்காய் உடைத்துக் காயப்போட ஏக்கர் கணக்கில் சிமென்ட் களங்கள் உண்டு. சுற்றிலும் பச்சைத் தென்னை, நடுவே கொதிக்கும் சிமென்ட். சுற்றுப்புறத்தைவிட எது அதிகம் சூடோ அதிலிருந்துதான் குமிழ் கிளம்பும்.

ஏறுகிற காற்று எங்கேயோ இறங்கியும் ஆக வேண்டும். குமிழைச் சுற்றிலும் காற்று கீழே இறங்கிக்கொண்டிருக்கும். அதில் மாட்டிய உத்திரம் ஒரு நாள் தென்னைக்கு மேலேறி வர முடியாமல் மில்லுத் தம்பியின் அப்பா களத்திலேயே இறங்கியது. பாதிக் காய்ந்த தேங்காய்மேல் வயிறு உரசிக்கொண்டு நீளமாக ஒரு கோடு போட்டு நின்றது. களத்தில் வேலை செய்த இரண்டு பெண்கள் வட்டிலைப் போட்டுவிட்டு ஓடினார்கள். அப்பா கல்லாவைவிட்டு எழுந்து வந்தார். மகனைத் திட்டவில்லை. கவிழ்ந்துபோன தேங்காய் மூடிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்திவைத்துவிட்டு வெயிலுக்குள் நின்று, "இதுக்குத்தான் இன்ஜினீயரிங்" என்று மட்டும் சொன்னார். எங்கள் எல்லோருக்கும் சேர்த்துச் சொன்னது அது.

ஹஸ்தம்தான் காணாமல் போனது. பங்குனி நடுப்பகல், நல்ல குமிழ். ஏறிற்று, ஏறிற்று, புள்ளியாகிற்று. நீல வானத்தில் மெல்லிய இறக்கையைப் பக்கவாட்டில் பார்க்கும்போது ஒன்றுமே தெரியாது. கண்ணை ஒரு நொடி தாழ்த்தினால் போயிற்று. வாத்தியார் "சுத்த வுடு, சுத்த வுடு" என்று கத்தினார். ரடரை ஒரு பக்கம் முழுக்கத் தள்ளி எலிவேட்டரை இழுத்துப் பிடித்தால் விமானம் சுழன்றுகொண்டே இறங்கும். மில்லுத் தம்பி எல்லாம் செய்தான். இறங்குவதைவிட வேகமாகக் காற்று ஏற்றிக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் மேனார்டு ஹில் என்ற எழுபதைத் தாண்டிய மனிதர், கண் பார்வை ஏறக்குறைய போய்விட்ட நிலையில், பால்சாவில் செய்த ஐந்து கிலோகூட இல்லாத விமானத்தை 2003 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து அட்லாண்டிக்கைக் கடந்து அயர்லாந்துக்கு அனுப்பினார். 38 மணி நேரத்துக்கு மேல் பறந்தது. அதற்கு இன்ஜினும் வழிகாட்டும் கருவியும் இருந்தன. எங்கள் ஹஸ்தத்துக்கு இறக்கையில் மார்க்கரால் எழுதிய செல் நம்பர் இருந்தது.

மறுநாள் மூலனூர் ரோட்டுப் பக்கமிருந்து போன் வந்தது. வயதான அம்மா ஒருவரின் குரல். "ஏனுங்க, உங்க ஏரோப்ளேனு எங்க கொரங்காட்டுல உழுந்து கெடக்குதுங்க. மாடு மெதிச்சுப்போடும்னு கொட்டாயில எடுத்து வெச்சிருக்கறனுங்க."

கொரங்காடு என்பது எங்கள் பக்கத்து மேய்ச்சல் நிலம். சுற்றிலும் கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், நாலைந்து காங்கயம் மாடு. நுழைகிற இடத்தில் ஒரு படல் இருக்கும். திறந்தால் சாத்த வேண்டும், அது ஒன்றுதான் சட்டம். நாங்கள் போனதும், போன் பண்ணின ஆத்தா மோர் கொடுத்தார். ஹஸ்தத்தைத் திண்ணைமேல் துணி விரித்து வைத்திருந்தார். வால் மட்டும் இல்லை, அதைக் கன்று தின்றுவிட்டிருந்தது. நல்லவேளை, பால்சாதான், தெர்மாகோல் இல்லை. விமானத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஃபிட்டர் அண்ணனைக் கேட்டார்.

"இதுனால என்ன வருமானங்க?"

"ஒண்ணும் வராதுங்காத்தா."

"செலவு?"

"அது வருதுங்க."

ஆத்தா தலையை ஆட்டிக்கொண்டார். தறியைப் பற்றிக் கேட்டிருந்தாலும் அந்த வருஷம் அதே பதிலைத்தான் சொல்லியிருப்போம்.

எல்லோரும் மோர் கொடுக்கவில்லை. முருங்கைத் தோட்டத்துக்காரர் ஒருவர், ஹஸ்தத்துக்கு அடுத்து வந்த சித்திரை சாய்த்த கொப்பை மடியில் வைத்துக்கொண்டு, பூவையும் பிஞ்சையும் எண்ணி, அந்த வாரம் சந்தையில் கிலோ என்ன விலை என்பதையும் சொல்லி, கணக்கை எங்களையே போடச் சொன்னார். முருங்கை மரம் தொட்டால் முறியும். அவர் சொன்னது நியாயமான தொகை. கொடுத்தோம். அவர் அதில் ஒரு கட்டுக் காயை எங்களுக்கே திருப்பிக் கொடுத்தார்.

2014-க்குப் பிறகு மின்வெட்டு ஒழிந்தது. தறி ஓடியது, நாங்கள் ஞாயிற்றுக்கிழமைக்காரர்களாகச் சுருங்கினோம். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் கேட்கும் கேள்வியும் மாறிவிட்டது. முன்பெல்லாம் "எவ்வளவு தூரம் போகும்?" என்பார்கள். இப்போது "கேமரா இருக்குதுங்களா?" என்கிறார்கள். இல்லை என்றதும் முகம் வாடிவிடும். கல்யாண வீடுகளில் ட்ரோன் பார்த்தவர்களுக்கு, சும்மா வட்டமடிக்கிற ஒன்று ஏமாற்றம்தான். 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகளை வாத்தியார் அச்செடுத்துக்கொண்டுவந்து படித்துக் காட்டினார். பச்சை மண்டலத்தில் 400 அடிக்கு மேல் போகக் கூடாது, கண் பார்வைக்குள்ளேயே இருக்க வேண்டும். ஹஸ்தத்தின் நினைவில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வருஷக் கடைசியில்தான் வட்டமலைக்கரை அணைக்குப் பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். ஏறக்குறைய கால் நூற்றாண்டுக்குப் பிறகு. ஊரே வண்டி கட்டிக்கொண்டு பார்க்கப் போயிற்று. நாங்கள் முள் குத்தி முள் குத்தித் தடம் போட்டிருந்த பொட்டல்கள் எல்லாம் தண்ணீருக்கடியில் போயின. கரைமேல் பூ தூவினவர்களில் முருங்கைத் தோட்டத்துக்காரரும் இருந்தார். எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "இனி எங்கீங்க வுடுவீங்க?" என்றார். அவர் கிணற்றில் நாலே நாளில் தண்ணீர் ஊறியிருந்தது. ஃபிட்டர் அண்ணன் மட்டும் விமானத்துக்கு அடியில் மிதவை கட்டினால் என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவரை யாரும் உற்சாகப்படுத்தவில்லை.

இப்போது விடுவது மூலனூர் ரோட்டு ஆத்தாவின் கொரங்காட்டில்தான். ஆத்தா இல்லை, மகன் பார்த்துக்கொள்கிறார். படலைச் சாத்த வேண்டும், மாடு நிற்கும் பக்கம் தாழப் பறக்கவிடக் கூடாது, வருஷத்துக்கு நாலு மூட்டை தேங்காய்ப் புண்ணாக்கு கொடுத்துவிட வேண்டும். இதுதான் வாடகை. மில்லுத் தம்பி கூட இருந்ததால் முதலில் அது ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. கொப்பரை விலை ஏறினதிலிருந்து அவன் கடலைப் புண்ணாக்காக மாற்றிக்கொள்ளச் சொல்லிப் பார்க்கிறான். அவர் மாடு தேங்காய்ப் புண்ணாக்குக்குப் பழகிவிட்டது என்கிறார். அனுஷம் தயாராக, மேஜைமேல் கிடக்கிறது. பேச்சுவார்த்தை முடியவில்லை.